பத்து சதவீதம் கூட்டி எழுதினேன்

நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவில் வேலை பார்த்து, பிரிவு அலுவலராக ஓய்வு பெற்றவள். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. செய்தது நான், அதனால் என்னைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவு செய்தீர்கள் என்று கேட்டு தில்லியிலிருந்து ஒரு படிவம் வரும். வரும்போதெல்லாம் அதை நிரப்பி அனுப்பியது நான்தான். அதில் நான் எழுதிய தொகைகளில் பெரும்பாலானவை கணக்குப் பார்த்து எழுதியவை அல்ல. முந்தைய முறை அனுப்பியதன் அலுவலக நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் பத்து சதவீதம் கூட்டி எழுதினேன். ஓய்வூதிய ஆணை கைக்கு வந்து சேரும்வரை இதை யாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை நாடு முழுவதும் திரட்டி வெளியிடும் புள்ளிவிவரத்துக்கான படிவம் அது. அரசு ஆய்வகங்கள், தனியார் கம்பெனிகள், பல்கலைக்கழகங்கள் எல்லாரிடமும் கேட்பார்கள். 2020-21ல் இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது 1,27,381 கோடி ரூபாய், நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் என்று பத்திரிகைகளில் படிக்கிறோமே, அதெல்லாம் இப்படித் திரட்டியதிலிருந்து வருவதுதான். அந்தத் தொகையில் உயர்கல்வித் துறையின் பங்கு 8.8 சதவீதம். மாநில அரசுகளின் பங்கு 6.7 சதவீதம். சீனா இதற்குள் 2 சதவீதத்தைத் தாண்டிப் போய்விட்டது, தென் கொரியா 4 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று ஒப்பிட்டுத் தலையங்கம் எழுதுவார்கள். வீட்டில் அந்தத் தலையங்கங்களைப் படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும்.

படிவத்தில் கஷ்டமான கேள்வி ஒன்று உண்டு. ஒரு பேராசிரியர் காலையில் எம்.எஸ்ஸி. வகுப்பு எடுக்கிறார், மத்தியானம் ஆய்வகத்தில் இருக்கிறார், சாயங்காலம் விடைத்தாள் திருத்துகிறார். அவர் சம்பளத்தில் எவ்வளவு ஆராய்ச்சிச் செலவு? உலகம் முழுவதும் இந்தக் கேள்வி இருக்கிறது. 1963ல் ரோம் நகருக்குப் பக்கத்தில் ஃப்ராஸ்காட்டி என்ற ஊரில் பல நாட்டு வல்லுநர்கள் கூடி, ஆராய்ச்சிச் செலவை எப்படி அளப்பது என்று ஒரு கையேட்டுக்கு வடிவம் கொடுத்தார்கள். ஊரின் பெயரே கையேட்டின் பெயராகிவிட்டது. அடிப்படை ஆராய்ச்சி, பயன்பாட்டு ஆராய்ச்சி, சோதனை முறை மேம்பாடு என்ற மூன்று பிரிவுகளும் அதிலிருந்து வந்தவை. ஆசிரியர் சம்பளத்தைப் பிரிக்க அவர்கள் சொல்லும் முக்கியமான வழி, ஆசிரியர்களையே கேட்பது. வாரத்தில் எத்தனை மணி நேரம் பாடம், எத்தனை மணி நேரம் ஆய்வு என்று கேட்டு, அந்த விகிதத்தில் சம்பளத்தைப் பிரிக்க வேண்டும்.

எங்கள் ஆசிரியர்கள் எனக்கு மேல் மாடியில் இருந்தார்கள். ஒருவரைக்கூட நான் கேட்டதில்லை.

படிவம் என் மேஜைக்கு வரும்போதே 'மிக அவசரம்' என்ற சிவப்பு முத்திரையோடு வரும். பதிவாளர் அலுவலகத்தில் சில நாள், நிதி அலுவலரிடம் சில நாள் என்று கிடந்து, கடைசித் தேதி நெருங்கின பிறகே என்னிடம் வரும். அதே வாரத்தில் திருத்திய மதிப்பீடு இருக்கும், தணிக்கைக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஓய்வூதியப் பட்டியல் நிற்கும். வேலைப் பளுவைக் காரணமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஏறுகிற தொகைக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. இறங்கினால்தான் கேட்பார்கள். ஏன் குறைந்தது, எந்தத் தலைப்பில் குறைந்தது, முந்தைய ஆண்டு கொடுத்தது தப்பா என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் நான் நோட் போட வேண்டும், அதில் நிதி அலுவலர் கையெழுத்து வாங்க வேண்டும், அவர் 'பேசவும்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். பத்து சதவீதம் கூட்டினால் ஃபைல் அன்றைக்கே முடிந்துவிடும். சம்பளம் ஏறுகிறது, அகவிலைப்படி ஏறுகிறது, ஆகையால் பத்து சதவீதம் நியாயம்தானே என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். மூன்று பிரிவுக்கும் உள்ள பங்கைப் பழைய நகலில் இருந்த விகிதத்திலேயே எழுதினேன். அந்த விகிதத்தை முதலில் யார் போட்டது, எதை வைத்துப் போட்டது என்று நான் தேடியதில்லை.

நான் இப்படி ஏற்றி எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளில் நிஜத்தில் நடந்தது இறக்கம். ஓய்வு பெற்ற பேராசிரியர்களின் இடங்கள் நிரப்பப்படவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு துறைகளுக்கு நேரடியாகக் கொடுத்துவந்த சிறப்பு உதவித் திட்டங்களும், ஆசிரியர்களுக்கான சிறு ஆய்வுத் திட்டங்களும் ஒன்றொன்றாக நின்றுபோயின. பெரிய தொகைகள் அல்ல அவை. ஆனால் ஒரு துறையில் கண்ணாடிச் சாமானும் ரசாயனமும் தீராமல் இருந்ததற்கு அவைதான் காரணம். அதற்குப் பிறகு தில்லியில் போட்டியிட்டுப் பெறும் பணம் மட்டும்தான் மிச்சம். அந்தப் போட்டியில் மாநிலப் பல்கலைக்கழகங்களின் நிலை என்ன என்பது 2023ல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை மசோதா வந்தபோது வெளிப்படையாகப் பேசப்பட்டது. அதுவரை பணம் வழங்கிவந்த வாரியத்தின் நிதியில் ஏறக்குறைய 65 சதவீதம் ஐ.ஐ.டி.களுக்குப் போகிறது, 300க்கும் மேற்பட்ட மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு எல்லாமாகச் சேர்த்து 11 சதவீதம் என்று அரசுத் தரப்பிலேயே சொன்னார்கள்.

திருவல்லிக்கேணியில் குடியிருக்கிறவளுக்கு, ஆராய்ச்சிப் பணத்தின் இந்த நகர்வு கண்ணால் பார்த்துத் தெரிந்த விஷயம். வாலாஜா சாலையில் கடற்கரையைப் பார்த்து நடந்தால் செனட் ஹவுஸ், சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகம், கொஞ்சம் தள்ளி மாநிலக் கல்லூரி. சி.வி. ராமனும் எஸ். சந்திரசேகரும் படித்த கல்லூரி அது. சந்திரசேகரின் பள்ளிப் படிப்பு எங்கள் பெரிய தெரு இந்து உயர்நிலைப் பள்ளியில். 1952ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு வந்த ஜி.என். ராமச்சந்திரன், கிண்டி வளாகத்தில் உட்கார்ந்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954ல் கொலாஜன் என்ற புரதத்தின் மூவிழை அமைப்பைச் சொன்னார். 1963ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து வெளியிட்ட வரைபடத்தை, புரத அமைப்பு சரியா என்று பார்க்க உலகம் முழுவதும் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அது ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த வேலை. ஏ. லட்சுமணசுவாமி முதலியார் 1942 முதல் 1969 வரை அங்கே துணைவேந்தராக இருந்தார். அவர் காலத்தில் ஆராய்ச்சி என்பது பல்கலைக்கழகம் தன் சொந்தப் பொறுப்பாக நினைத்துச் செய்த செலவு.

இன்றைக்கு ஆராய்ச்சிப் பணம் இருக்கிற இடம் சர்தார் படேல் சாலையும் அதைத் தாண்டித் தரமணியும். 1959ல் தொடங்கிய ஐ.ஐ.டி., மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 1962ல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் எல்லாம் அந்தப் பக்கம். அவை வளர்ந்தது நல்லது. அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. மாநில அரசுகள் ஆராய்ச்சி என்று செலவிடுவதில் பெரும்பகுதி விவசாயத்துக்குப் போகிறது, அதாவது நம் மாநிலத்தில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு. அதுவும் வேண்டியதுதான். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறைக்கும் தாவரவியல் துறைக்கும் யார் செலவு செய்வது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை எங்கள் பல்கலைக்கழகம் கேட்கப் போனபோது, அதற்குக் குறுக்கே நின்றது என் கணக்கு.

அதை நேரில் பார்த்தேன். ஆராய்ச்சிக்கென்று ஒரு தொகுப்பு நிதி கேட்டு எங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு அரசிடம் போயிற்று. கணக்குக் கேட்டால் சொல்ல வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனார்கள். மூத்த பேராசிரியர் ஒருவர், நிலைமை எவ்வளவு மோசமாகிவிட்டது என்று நிதானமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி ஒரு தாளைப் புரட்டினார். "உங்க யுனிவர்சிட்டி கொடுத்த கணக்குதான் இது. ஆராய்ச்சிச் செலவு ஒவ்வொரு தடவையும் ஏறிக்கிட்டுதானே இருக்கு?" என்றார். குரலில் கிண்டல் எதுவும் இல்லை, நிஜமாகவே கேட்டார். பேராசிரியருக்குப் பதில் தெரியவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து ஃபைலில் எதையோ தேடுவது போல் இருந்தேன். அந்த அறையில் அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஒரே ஆள் நான்.

காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் அட்டையில் காய்ச்சல் இல்லை என்று எழுதிவிட்டு, டாக்டர் மருந்து தரவில்லையே என்று அழுத கதைதான். எழுதினவள் நான், கிடந்தது மற்றவர்கள் பிள்ளைகள்.

ஒருமுறை பிடிபட்டிருக்க வேண்டியது. தேசியத் தரவரிசைக்காக என்.ஐ.ஆர்.எஃப். கேட்கும் விவரங்களில் வெளியிலிருந்து வந்த ஆய்வுத் திட்டத் தொகையும் உண்டு. அது இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருப்பதால் அதை ரசீதுகளை வைத்து ஒழுங்காகப் போட்டிருந்தோம். ஓர் இளம் உதவிப் பேராசிரியர் அதையும் என் படிவத்தின் நகலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். "மேடம், இதுல இறங்குது, அதுல ஏறுது. எப்படி மேடம்?" என்றார். இரண்டும் வேறு வேறு கேள்விகள் சார், ஒன்றில் சம்பளம் சேரும், மற்றதில் சேராது என்றேன். விதிப்படி நான் சொன்னது சரி. அவரும் சரி மேடம் என்று போய்விட்டார். ஒரு சரியான விதியைச் சொல்லி ஒரு பொய்யை மூடினேன். இதுவரை சொன்னவற்றில் எனக்கு அதிகம் உறுத்துவது அந்த ஒரு நிமிடம்தான்.

இனி ஒரு கருவியின் விஷயம். ஒரு துறைக்கு, கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி வாங்க ஒரு திட்டத்தில் 21 லட்ச ரூபாய் ஒதுக்கீடு வந்தது. கருவியின் விலை 20 லட்சம். ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு அப்போது ஜி.எஸ்.டி. சலுகை இருந்தது. உரிய சான்றிதழ் இணைத்தால் 5 சதவீதம்தான் வரி. ஆக 21 லட்சம் சரியாக இருந்தது. ஃபைல் என்னிடம் வந்தபோது மூன்றாவது கொட்டேஷனில் தேதி விட்டுப்போயிருந்தது. குவெரி போட்டுத் திருப்பினேன். திரும்பி வந்தபோது ஒப்பீட்டுப் பட்டியலில் துறைத் தலைவரின் கையெழுத்து ஒரு பக்கத்தில் இல்லை. மறுபடியும் குவெரி. இரண்டையும் ஒரே தடவையில் கேட்டிருக்கலாம். மாடியேறிப் போய் நானே வாங்கி வந்திருக்கலாம். 2022 ஜூன் கடைசியில் சண்டிகரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்குப் பிறகு அந்தச் சலுகை விலக்கப்பட்டு, ஜூலை 18 முதல் வரி 18 சதவீதம் ஆயிற்று. 21 லட்சத்தில் முடிந்திருக்க வேண்டியது 23,60,000 ரூபாய் ஆகிவிட்டது. மீதி 2,60,000 ரூபாய்க்கு எங்கே போவது? வேறு தலைப்பிலிருந்து மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டு எழுதினார்கள். பதில் வருவதற்குள் திட்டக் காலம் முடிந்துவிட்டது. செலவாகாத தொகையை வட்டியோடு திருப்பிக் கட்டினோம். அந்தச் செலானை எழுதியதும் நான்தான்.

அதோடு முடியவில்லை. அந்த ஆண்டுக்கான படிவத்தில், கருவிகளுக்கான மூலதனச் செலவு என்ற கட்டத்தில், அந்த 21 லட்சமும் செலவாகியே விட்டதாகச் சேர்ந்திருந்தது. பத்து சதவீதம் கூட்டும்போது ஒதுக்கீட்டுப் பதிவேட்டை ஒரு பார்வை பார்த்துப் புதிதாக வந்தவற்றைச் சேர்ப்பது என் வழக்கம். வாங்கினார்களா இல்லையா என்று பார்க்கிற வழக்கம் இல்லை. வாங்காத கருவி ஒன்று தேசத்தின் ஆராய்ச்சிச் செலவுக் கணக்கில் ஏறிவிட்டது.

அந்தத் திட்டத்தில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளராக இருந்த பையன் எங்கள் பேட்டையிலேயே, பெல்ஸ் ரோடு பக்கம் ஒரு மேன்ஷனில் தங்கியிருந்தான். திண்டிவனம் பக்கத்துக் கிராமம். அப்போது மாத உதவித்தொகை 31,000 ரூபாய். கேட்க நல்ல தொகைதான். ஆனால் மாதாமாதம் வராது. முந்தைய தவணைக்கான செலவுச் சான்றிதழ் தில்லிக்குப் போனால்தான் அடுத்த தவணை வரும். அந்தச் சான்றிதழும் என் மேஜையில்தான் தயாராக வேண்டும். அதுவும் தாமதமாகத்தான் போனது. பைகிராப்ட்ஸ் ரோட்டில் பழைய புத்தகக் கடை ஓரம் எதிர்ப்பட்டால் "வணக்கம் மேடம்" என்பான். பணம் எப்போது வரும் என்று தெருவில் வைத்து ஒருநாளும் கேட்டதில்லை. கருவி வராததால், காலையில் திருவல்லிக்கேணி ஸ்டேஷனில் பறக்கும் ரயில் பிடித்து, ஐஸ் பெட்டியில் சாம்பிள் எடுத்துக்கொண்டு, வசதியுள்ள வேறொரு நிறுவனத்தில் சாம்பிளுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டிச் சோதித்துக்கொண்டு வந்தான். அந்தக் கட்டண ரசீதுகளும் என்னிடம்தான் வந்தன. முன் அனுமதி இல்லை என்று அவற்றில் சிலவற்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அனுமந்தராயன் கோயில் தெரு வழியாகப் போகும்போது எனக்கு இப்போதெல்லாம் இந்த நினைவுதான் வருகிறது. கணித மேதை ராமானுஜன் அந்தத் தெருவில் குடியிருந்தபோது வாங்கியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை, மாதம் 75 ரூபாய். அதற்கு முன் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா, சம்பளம் 30 ரூபாய். அவரிடம் பட்டம் இல்லை. பட்டம் இல்லாதவருக்கு ஆய்வு உதவித்தொகை கொடுக்க விதி இடம் தரவில்லை. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதியது 1913 பிப்ரவரி 26. உதவித்தொகை மே 1ஆம் தேதியிலிருந்து கிடைத்தது. இரண்டு மாதம் சொச்சத்தில் ஒரு விதிவிலக்கு கூட்டங்களைத் தாண்டிப் பணமாகி வந்திருக்கிறது, அதுவும் அந்தக் காலத்தில். ராமானுஜன் கதையில், அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டியைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். நான் அந்த ஃபைலைத் தள்ளிவிட்ட குமாஸ்தாக்களை நினைத்துக்கொள்கிறேன். என் மேஜைக்கு அது வந்திருந்தால் தகுதிச் சான்றிதழ் நகல் இணைக்கப்படவில்லை என்று எழுதியிருப்பேன்.

கணக்கு சரியாக இருந்தால் மட்டும் பணம் வந்துவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. வந்துவிடாது. ஆனால் கணக்கு இல்லாமல் கேட்கவே முடியாது. அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிச் செலவைப் பல பத்தாண்டுகளாக நிறுவனவாரியாகக் கேட்டு வெளியிடுகிறார்கள். எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று அதில் தெரியும். கூட்டாட்சி அரசின் பணம் சில மாநிலங்களிலேயே குவிகிறது என்பதைக் காட்டித்தான் 1979ல் ஆர்கன்சா, மெய்ன், மொன்டானா, தென் கரோலினா, மேற்கு வர்ஜீனியா ஆகிய ஐந்து மாநிலங்களுக்கென்று அவர்களுடைய தேசிய அறிவியல் அறக்கட்டளை ஒரு தனித் திட்டம் தொடங்கியது. பின்னால் இன்னும் பல மாநிலங்கள் அதில் சேர்ந்தன. குறைவாக வருகிறது என்று நிரூபித்த மாநிலங்களுக்குத்தான் அது கிடைத்தது. இங்கேயும் 2023ல் அந்த ஆராய்ச்சி அறக்கட்டளை மசோதா சட்டமான பிறகு, பெரிய நிறுவனம் ஒன்றோடு மாநிலப் பல்கலைக்கழகங்களை இணைத்துப் பணம் தரும் திட்டம் வந்திருக்கிறது. எந்தத் துறை எவ்வளவு இளைத்திருக்கிறது என்று காட்ட வேண்டிய நேரம் இது. எங்கள் பல்கலைக்கழகம் காட்டுவதற்குக் கையில் வைத்திருப்பது நான் எழுதிய ஏறுமுகத்தை.

ஓய்வு பெற்ற பிறகு பதிவாளருக்கு எழுத்தில் கொடுத்தேன். எந்தெந்தப் படிவங்களில் எந்தெந்தக் கட்டங்கள் கணக்கிடாமல் எழுதப்பட்டவை என்று பட்டியல் போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என்ன நடவடிக்கை வந்தாலும் ஏற்றுக்கொள்வேன் என்றும் எழுதினேன். பிறகு ஒரு துறைத் தலைவரின் ஒத்துழைப்போடு அந்த ஒரு துறைக்கு மட்டும் திரும்பக் கணக்குப் போட்டோம். சம்பளப் பட்டியல், காலியிடப் பட்டியல், திட்ட ரொக்கப் புத்தகம், கருவிகளின் இருப்புப் பதிவேடு நான்கையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆசிரியர்களிடம் பாடத்துக்கு எவ்வளவு நேரம், ஆய்வுக்கு எவ்வளவு நேரம் என்று ஒரு தாளில் எழுதி வாங்கினோம். அவ்வளவு எளிதாக வாங்கக்கூடிய தாள் அது. வந்த தொகை, நான் அந்தத் துறையின் பெயரில் அனுப்பியிருந்ததில் பாதிகூட இல்லை. ஆண்டுவாரியாகப் பார்த்தால் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

மற்றத் துறைகளின் பழைய பதிவேடுகள் ரெக்கார்டு ரூமில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. குறிப்பிட்ட காலம் தாண்டியவற்றை ஏலத்துக்குப் போடும் வேலை தொடங்கப்போகிறது என்று கேள்விப்பட்டேன். அந்தக் கட்டுகளில் எந்தப் பேரேட்டில் எது இருக்கிறது, எந்த ஆண்டில் தலைப்புகள் மாற்றப்பட்டன, எந்தப் பக்கத்தில் பென்சிலால் எழுதியது சரி, மையால் எழுதியது தப்பு என்பது எனக்குத் தெரியும். ஏலத்தை நிறுத்திவைக்கச் சொல்லியும், உட்கார்ந்து எடுக்க எனக்கு அனுமதி கேட்டும் எழுதியிருக்கிறேன். சம்பளம் வேண்டாம், ஒரு மேஜையும் மின்விசிறியும் போதும் என்று அதில் சேர்த்திருக்கிறேன்.